தோற்ற கணக்கையும் எழுதுங்கள்!

சென்னையிலிருந்து திருச்சிக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்? உளுந்தூர்பேட்டை, வேப்பூர், தொழுதூர் எல்லாம் தாண்டி, திருமாந்துறை டோல்கேட்டில் காசைக் கட்டிவிட்டு, 'பெரம்பலூர் போய் டீ குடிச்சுக்கலாம்' என்று ஆக்ஸிலேட்டரை மிதித்திருப்பீர்கள். பெரம்பலூருக்குப் பதினேழு கிலோமீட்டர் முன்னால் சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு கோட்டை நிற்கிறது. பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும், 'என்னமோ பழைய கோட்டை' என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அதைத்தான் செய்தேன். கல்லூரியில் பி.காம் படித்த மூன்று வருடமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போய் வந்தேன். டெபிட் எது, கிரெடிட் எது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேனே தவிர, ஒரு நாள் கூட அந்த ஸ்டாப்பிங்கில் இறங்கவில்லை.

அதன் பெயர் ரஞ்சன்குடிக் கோட்டை.

சில வருடங்களுக்கு முன்புதான் முதன்முதலாக உள்ளே போனேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளும் கூட வந்தாள். அருமையான கோட்டை அது. வெளியே அகழி. அரைவட்டக் கொத்தளங்கள். ஒழுங்காகச் செதுக்கி அடுக்கிய கற்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்குப் பாதுகாப்பு. கீழே இருப்பதைப் பேட்டை என்கிறார்கள். மேலே கோட்டைமேடு. அங்கே இடிந்த மாளிகை, நிலவறை, மசூதி, சமாதிகள். கோட்டைமேட்டிலிருந்து பேட்டைக்குச் சுரங்க வழி ஒன்றும் உண்டு. உச்சியில் ஏறி நின்றால் நான்கு பக்கமும் பெரம்பலூர்ச் சீமையின் பருத்திக் காடும் மக்காச்சோளக் காடும் தெரிகிறது. காற்று ஆளையே தள்ளுகிறது.

மகள் கேட்டாள்: "அப்பா, இங்க யாரு யாரோட சண்டை போட்டா? யாரு ஜெயிச்சா?"

எனக்குத் தெரியவில்லை. 'அப்புறம் சொல்றேன்' என்றேன். உலகத்தின் எல்லா அப்பாக்களும் தெரியாத கேள்விக்குச் சொல்கிற அதே பதில்.

வீட்டுக்கு வந்து தேடினேன். சுற்றுலாக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே ஒரு வரி. '1751-ல் இங்கே நடந்த போரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆதரித்த சந்தா சாகிப்பை ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி வென்றார்.' அவ்வளவுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, அப்படியே பரவியிருக்கிறது.

அந்த ஒரு வரியும் தப்பு!

அந்தக் காலத்தில் இங்கேயே இருந்த ஒரு ஆங்கிலேயரே அதைத் தப்பு என்கிறார். ராபர்ட் ஓர்ம் என்று பெயர். கும்பெனியின் சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர். கிளைவின் நண்பர். இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய போர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் முதல் பாகம் 1763-ல் லண்டனில் வெளிவந்தது. 'வால்கொண்டா' என்று அவர் எழுதுவது நம்ம வாலிகண்டபுரத்தைத்தான். அங்கே 1751-ல் ஆங்கிலேயப் படை ஓட்டம் பிடித்தது என்று தன் ஆட்களைப் பற்றித் தானே எழுதியிருக்கிறார். ஜெயித்த நாட்டுக்காரன் தன் தோல்வியை ஒளிக்காமல் எழுதிவிட்டான். நாம் அவனுக்கு வெற்றியைத் தானமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கு நேற்றைய செய்தித்தாள் ஞாபகம் வரும்.

ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. முகமது அலி திருச்சிக் கோட்டையில் இருக்கிறார். அவரைப் பிடிக்க சந்தா சாகிப் வடக்கிலிருந்து பெரும் படையோடு வருகிறார். வழியில் தடுக்க கேப்டன் ஜின்ஜென்ஸ் தலைமையில் ஆங்கிலேயப் படை வந்து நிற்கிறது. கூடவே முகமது அலியின் தம்பி அப்துல் வஹாப் கான் படையோடு நிற்கிறார். இரண்டு தரப்புக்கும் நடுவில் இருக்கிறது நம்ம கோட்டை. திருச்சிக்குப் போகிற பெருவழியை அது காவல் காக்கிறது. இன்று டோல்கேட் இருக்கிற அதே வழிதான். கோட்டை யார் கையிலோ, ரோடு அவர் கையில்.

கோட்டைத் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பக்கமும் பேசினார். இன்றைக்கு இவரோடு, நாளைக்கு அவரோடு. ஏறக்குறைய இரண்டு வாரம்! யார் ஜெயிப்பார் என்று தெரியாத போது எதற்கு அவசரப்பட்டுக் கதவைத் திறப்பது? தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் நம்ம ஊர்ச் சின்னக் கட்சிகள் நடத்துகிற கூட்டணிப் பேச்சுவார்த்தையின் முன்னோடி இவர்தான் என்று தோன்றுகிறது.

ஆங்கிலேயர் பொறுமை இழந்தார்கள். கோட்டையை ஒட்டியிருந்த ஊரைத் தாக்கித் தீ வைத்தார்கள். கவனியுங்கள்... எரிந்தது நவாப் வீடும் இல்லை, கும்பெனி கிடங்கும் இல்லை. எந்த நவாப் வந்தால் என்ன என்று இருந்த சனங்களின் வீடுகள். கோட்டைத் தலைவர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார். சண்டை தொடங்கியது. ஆங்கிலேய அதிகாரிகள் கூடிப் பேசித் தயங்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த சிப்பாய்களுக்குப் பீதி பிடித்தது. ஓடினார்கள். மறித்து நிறுத்தப் பார்த்த அதிகாரிகளில் ஒருவர் லெப்டினென்ட் கிளைவ். ஆமாம், பிற்காலத்தில் பாடப்புத்தகத்தில் வந்த அதே ராபர்ட் கிளைவ்! அவராலும் நிறுத்த முடியவில்லை. அப்துல் வஹாப் கான் அந்தச் சிப்பாய்களைத் திட்டித் தீர்த்தாராம். அவருடைய ஆட்கள் அங்கே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓடியவர்கள் ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகுதான் 'எதிரி மொத்தப் படையோடு திருச்சியில் இருக்கிறான். காலியாக இருக்கிற ஆற்காட்டை அடிப்போம்' என்ற யோசனை கிளைவிடமிருந்து வருகிறது. அதே ஆண்டு ஆற்காடு விழுகிறது. அடுத்த வருடம், 1752-ல், திருச்சிக்கு உதவிக்குப் போன பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் இதே வாலிகண்டபுரத்தில் கிளைவிடம் சரணடைகிறார். அதே மாதம் சந்தா சாகிப்பின் தலை வெட்டப்படுகிறது. பாக்கியை நீங்கள் பத்தாம் வகுப்பில் படித்துவிட்டீர்கள்.

பாடப்புத்தகத்தில் இல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. என்னைப் போல வணிகவியல் படித்தவர்களுக்கு அதுதான் முக்கியம். இந்தச் சண்டைக்கெல்லாம் காசு யார் கொடுத்தது?

முகமது அலி கொடுத்தார். கையில் இல்லாததால் கடன் வாங்கிக் கொடுத்தார். கும்பெனிப் படையின் செலவு முழுக்க அவர் பேரில் பற்று எழுதப்பட்டது. அதை அடைக்க, கும்பெனியில் சம்பளத்துக்கு இருந்த அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். இருபது, இருபத்தைந்து சதவீத வட்டி! அதற்கு ஈடாக ஒவ்வொரு சீமையின் வரி வருமானத்தையும் எழுதிக் கொடுத்தார். அந்த வரியைக் கட்டியது யார்? நெல்லும் கம்பும் விளைவித்த குடியானவன். இந்தக் கடன் கணக்கு அவ்வளவு நாறிப்போய், 1785-ல் லண்டன் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் 'ஆற்காட்டு நவாப்பின் கடன்கள்' பற்றி மணிக்கணக்கில் பேசினார். கடைசியில் 1801-ல் ஓர் ஒப்பந்தம். கர்நாடகச் சீமை முழுவதும் கும்பெனிக்கு. நவாப் வாரிசுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

கிளைவின் வாள் தமிழ்நாட்டை வாங்கியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாளை விடக் கடன் பத்திரம்தான் அதிகம் வாங்கியது. அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதல் சில வவுச்சர்களில் ஒன்றுதான் இந்த ரஞ்சன்குடி.

இந்த இடத்தின் முக்கியத்துவம் 1751-ல் தொடங்கியதும் இல்லை. அதற்கும் எண்பது வருடம் முன்பு வாலிகண்டபுரம் பிஜப்பூர் சுல்தான்களின் தென்கோடி மாகாணம். எல்லைச் சீமை. தெற்கே போனால் திருச்சி, தஞ்சாவூர் நாயக்கர்கள். அதை ஆண்ட ஷேர்கான் லோடி இடம் கொடுத்துதான் 1673-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் வைத்தார்கள். அந்த ஷேர்கானை 1677-ல் தோற்கடித்தவர் யார் தெரியுமா? தெற்கே படையெடுத்து வந்த சத்ரபதி சிவாஜி! பீச்சில் நின்று செல்ஃபி எடுக்கிற புதுச்சேரியின் பிறப்புச் சான்றிதழில் வாலிகண்டபுரத்துக் கையெழுத்து இருக்கிறது. நமக்குத் தெரியாது.

ஏன் தெரியாது? இதற்குத்தான் இந்த வாரப் புலம்பல்.

நமக்கு ஜெயித்த கணக்கு மட்டும்தான் வேண்டும். பெரம்பலூருக்குப் பக்கத்து மாவட்டம் அரியலூர். அங்கே கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை போய் ஜெயித்துவிட்டு வந்த பிறகு அவன் கட்டிய தலைநகர். 2004-லேயே உலகப் பாரம்பரியச் சின்னம். 2025 ஜூலையில் பிரதமரே வந்து ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். சந்தோஷம். அது நம் பெருமை, கொண்டாடத்தான் வேண்டும்.

ஆனால், அதே கங்கைகொண்ட சோழபுரத்து மதிலையும் கோபுரத்தையும் 1836-ல் வெடி வைத்துத் தகர்த்து, கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கல் எடுத்துப் போனார்களே! கோயிலுக்குப் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும்? எந்த மேடையில் அதைப் பேசுகிறோம்? கட்டியதைப் பேசுவோம். இடிந்ததைப் பேச மாட்டோம். லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை விட்டுவிட்ட கணக்குப் புத்தகத்துக்கு ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா? கையெழுத்துப் போட்டால் அவர் உள்ளே போவார்.

ரஞ்சன்குடிக்கு இன்னொரு பாவமும் சேர்ந்திருக்கிறது. 'அது நவாப் கோட்டைதானே சார்' என்று ஒரு படித்த நண்பர் என்னிடம் சொன்னார். 'தானே' என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. அவர் கணக்கில் சோழன் கட்டினால் நம்முடையது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு ஜாகீர்தார் கட்டினால் அது யாருடையதோ. அந்தக் கல்லை உடைத்தவன் யார், சுமந்தவன் யார், வரி கட்டியவன் யார், தீயில் வீட்டை இழந்தவன் யார்? எல்லாம் பெரம்பலூர்க்காரன்தானே ஐயா! வாலிகண்டபுரத்தில் சோழர் காலத்து வாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. கோட்டைமேட்டில் மசூதி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். வாட்ஸ்அப்பில் வரலாறு படிக்கிற தலைமுறையை அங்கே ஒரு நாள் நடத்திக் கூட்டிப்போனால், பாதி விஷம் தானாக இறங்கும்.

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. பாதுகாப்பு என்றால் என்ன? நம் ஊர்க் கோட்டைகள் எல்லாவற்றின் வாசலிலும் நிற்கிற அந்த நீலப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 'இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம். சேதப்படுத்தினால் தண்டனை.' 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சரி. ஏன் முக்கியத்துவம் வாய்ந்தது? அதைப் பெரும்பாலும் பலகை சொல்வதில்லை. மிரட்டலை எழுத இடம் இருக்கிறது, கதையை எழுத இடம் இல்லை. காரணமே சொல்லாமல் 'தொடாதே' என்றால் நம்ம பையன் என்ன செய்வான்? ஆணியை எடுத்து, இதயம் வரைந்து, அம்பு விட்டு, இரண்டு பெயரை எழுதிவிட்டுப் போவான்.

மிரட்டலையாவது செயல்படுத்த முடிகிறதா? நாட்டில் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்கள் 3,693. அவற்றில் காவலர் இருப்பது 248 இடங்களில் மட்டும். 2022 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவிடம் மத்திய கலாச்சார அமைச்சகம் சொன்ன கணக்கு இது. அதைவிட வேடிக்கை, 50 சின்னங்களைக் காணவில்லை! 14 நகர வளர்ச்சியில் போயிற்று, 12 அணைகளில் மூழ்கிற்று, 24 எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு மளிகைக் கடைக்காரர் வருட முடிவில் ஸ்டாக் எடுக்கும்போது இருபத்துநாலு மூட்டை அரிசி எங்கே போனதென்று தெரியவில்லை என்றால் அவரைக் கடை நடத்த விடுவார்களா?

இதற்கெல்லாம் விலை கொடுப்பது யார் தெரியுமா? கோட்டைக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "கோட்டை நல்லா இருக்கேம்மா" என்றேன். "உனக்கென்ன தம்பி, பாத்துட்டுப் போயிருவ. பக்கத்துல ஒரு ரூமு எடுத்துக் கட்ட முடியல எங்களுக்கு" என்றார். நியாயம்தான். சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சட்டம் தேவை. அது இல்லையென்றால் கொத்தளத்தின் மேலேயே கல்யாண மண்டபம் வந்திருக்கும். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? செலவு முழுக்க அந்த அம்மாவின் பற்றில். வரவு ஒரு பைசா கிடையாது. இருநூற்றைம்பது வருடம் முன்பு நவாப் கடனுக்கு வட்டி கட்டிய அதே ஊர், இன்று நம் பாரம்பரியத்துக்கும் வட்டி கட்டுகிறது.

'அப்போ பூங்கா ஆக்கிட வேண்டியதுதானே' என்று கிளம்பாதீர்கள். எனக்குப் பயமே அங்கேதான். நம்ம ஊரில் பூங்கா என்றால் என்ன? கலர் டைல்ஸ், சிமென்ட் யானை, வாயைத் திறந்து 'என்னைப் பயன்படுத்து' என்று சொல்கிற கங்காரு குப்பைத்தொட்டி, 'ஐ லவ் பெரம்பலூர்' என்று ராத்திரியில் மினுக்குகிற எழுத்து. தண்ணீருக்குத் தவம் கிடக்கிற மானாவாரி பூமியில் லாரித் தண்ணீர் ஊற்றிப் புல்தரை வளர்ப்பதற்கு அந்தக் கோட்டை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

பூங்கா என்றால் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே நகர நடுவில் ஒரு குன்று. 1860 வாக்கில் ஆங்கிலேயர் கட்டிய கோட்டை. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுவதில் பேர் போன ஊர்தான். ஆனாலும் அந்தக் கோட்டையில் மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு 1981-ல் ஃபோர்ட் கேனிங் பார்க் ஆக்கினார்கள். 1984-ல் அங்கே தோண்டினார்கள். பதினான்காம் நூற்றாண்டுப் பொருட்கள் கிடைத்தன. தோண்டிய குழியையே கூரை போட்டுக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவர், ஓடுகிறவர், காதலிக்கிறவர் எல்லாரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். போகிற போக்கில் சரித்திரம் அவர்கள் காதில் விழுகிறது.

அவ்வளவு தூரம் கூட வேண்டாம். இதே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போங்கள். பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. பன்னிரண்டு கோடி வருடம் முந்தையது. அந்த மரத்துக்கு மதிப்புக் கொடுத்துப் பூங்கா ஆக்கத் தெரிந்த நமக்கு, மனுசன் ரத்தம் சிந்திய இடத்தை ஆக்கத் தெரியாதா?

கோடிகள் வேண்டாம். என் பட்டியல் சின்னது. முதலில் தமிழில் ஒரு நல்ல பலகை. யார் வந்தார்கள், யார் ஓடினார்கள், யார் வீடு எரிந்தது, கடன் யார் கட்டினார்கள் என்று ஒளிக்காமல் சொல்கிற பலகை. அதே கதை ஒரு பலகை நெடுஞ்சாலையிலும். இரண்டாவது, குடிக்கத் தண்ணீர், பெண்கள் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை, உட்கார வேப்பமர நிழல். இது எதுவும் கோட்டைச் சுவரைத் தொடாமல் வெளியே. மூன்றாவதுதான் முக்கியம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டி வேலை. டிக்கெட், வண்டி நிறுத்தம், டீக்கடை, பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் விற்கிற கடை எல்லாவற்றிலும் ஊருக்குப் பங்கு. அந்த ஆட்டுக்கார அம்மாவின் பற்றுக்கு எதிரில் ஒரு வரவாவது எழுதியாக வேண்டும்.

'பணம்?' என்பீர்கள். அரியலூர் மண்ணைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல் எடுக்கிற சிமென்ட் ஆலைகள் சுற்றிலும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை நடத்துகிற டால்மியா பாரத் 2018-ல் டெல்லி செங்கோட்டையையே பராமரிக்க ஒப்பந்தம் போட்டது. ஐந்து வருடத்துக்கு 25 கோடி. செங்கோட்டை வரை போகத் தெரிந்த பணத்துக்கு ரஞ்சன்குடிக்கு வழி தெரியாதா? ஒரே நிபந்தனை, சுவரில் கம்பெனி பெயரை எழுதக் கூடாது. அதற்குத்தான் ஏற்கெனவே காதலர்கள் இருக்கிறார்களே.

'சோத்துக்கே வழி இல்லாதப்ப கோட்டை எதுக்கு சார்' என்று ஒரு கடிதம் இந்நேரம் எழுத ஆரம்பித்திருப்பீர்கள். சோற்றுக்காகத்தான் சொல்கிறேன். பதவிக்காக யாரிடமோ கடன் வாங்கி, ஊர் வருமானத்தை அடகு வைத்து, கடைசியில் ஊரையே எழுதிக் கொடுத்த கதை அந்தச் சுவருக்குள் இருக்கிறது. அதைப் படிக்காத ஊர் மறுபடி கையெழுத்துப் போடும்.

அடுத்த முறை திருமாந்துறை டோல்கேட் தாண்டியதும் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள். பிள்ளைகளோடு இறங்குங்கள். 'யாருப்பா ஜெயிச்சா?' என்று கேட்டால், 'அப்புறம் சொல்றேன்' என்று நழுவாதீர்கள்.

'நாம எல்லாரும் தோத்தோம் கண்ணு. அதான் இங்க வந்திருக்கோம்' என்று சொல்லுங்கள்.